கிண்டித் தொழிற்பேட்டையும் பார்வையற்ற மோதினாரும்

சென்னைக் கிண்டியில் 1958-ஆம் ஆண்டு, காமராசர் ஆட்சிக் காலத்தில், ஒரு தொழிற்பேட்டை எழுந்தது. இந்நாட்டில் முதன்முதலாக அமைந்த தொழிற்பேட்டைகளுள் அதுவும் ஒன்று. திரு.வி.க. தொழிற்பேட்டை என்பது அதன் பெயர். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுதற்குக் காரணராயிருந்தவர்களுள் ஒருவர், ‘தேசபக்த’னும் ‘நவசக்தி’யும் நடத்தியவர், தமிழ் உரைநடைக்குத் தனியொரு நடை கண்டவர் என்ற அளவில் திரு.வி. கலியாணசுந்தரனாரை அறிந்தோர் பலர். ஆனால், 1953-இல் மறைந்த அப்பெருமகனார் தம் இறுதி ஆண்டுகளில் கண்ணொளி இழந்திருந்தார் என்பதையும், ‘முதுமை உளறல்’, ‘படுக்கைப் பிதற்றல்’ முதலியன அவர் வாயாற் சொல்லப் பிறர் கையால் எழுதப்பெற்றவை என்பதையும் நினைவிற் கொள்வோர் அரியர். எழுதுகோல் பிடித்த கை வேறு. ஆயினும் நூல் யாருடையது என்பதில் எவர்க்கும் ஐயம் எழுந்ததில்லை. எழுதித் தந்தவர் வேறொருவராதலின் இதனை அரை நூலாகவே கொள்ள வேண்டும் என்று எந்தத் திறனாய்வாளரும் மதிப்பெண் குறைத்ததில்லை.

அதே கிண்டியில், நடுவண் அரசின் தொழிற்பயிற்சி நிலைய வளாகத்தினுள், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில்நெறிச் சேவை மையம் இயங்கி வருகிறது. முன்னர் அதற்கு ஊனமுற்றோர் தொழில்வழி மறுவாழ்வு மையம் என்று பெயர். அங்கு வருவோரின் திறனை அளந்து பார்க்கிறார்கள், அவரவர்க்கேற்ற தொழிலைப் பயிற்றுவிக்கிறார்கள், வேலைக்கும் பரிந்துரைக்கிறார்கள். போற்றத்தக்க பணிதான். அந்த மையத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையே பெருந்தொலைவு இல்லை. எனினும் இவ்விரு வாயில்களுக்கும் நடுவே ஒரு செய்தி விடுபட்டு நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. மையத்தில் மாற்றப்படுபவர் தொழிலாளி. அவர் சென்று சேரவேண்டிய பட்டறையோ முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதே மூன்று படிகள், அதே ஒடுங்கிய கழிப்பறைக் கதவு, செவி கேளாதவர்க்கு ஒருநாளும் கேட்கப்போகாத அதே மணி. அவரைப் பழக்கினோமே, பட்டறையைப் பழக்கினோமா என்று கேட்பாரில்லை.

இக்கேள்வியைக் கேட்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனிடம் வருமுன் சில சொற்களை நாம் எடைபோட வேண்டியிருக்கிறது. இலக்கியத் திங்களிதழில் தொழிற்சாலைப் பேச்சு எதற்கு என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

‘ஊனமுற்றோர்’ என்று வழங்கிய சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லைக் கலைஞர் மு. கருணாநிதி வழக்கிற் கொணர்ந்தார். 2010-இல் அப்பெயரிலேயே தனித்துறையும் அமைந்தது. நல்ல சொல். குறையைச் சுட்டி அழைத்த வாய்களை அது ஓரளவேனும் கழுவியது. ஆனால் பெயர்ச்சொல் மாறிய வேகத்தில் வினைச்சொல் மாறவில்லை. மாற்றுத்திறனாளிக்கு நாம் ‘இரங்குகிறோம்’, ‘உதவுகிறோம்’, ‘சலுகை அளிக்கிறோம்’, ‘வாய்ப்பு வழங்குகிறோம்’. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் எழுவாயாக நிற்பவர் கைகால் நலமுள்ளவரே. மற்றவர் நான்காம் வேற்றுமையைத் தாண்டுவதில்லை. பெயரை உயர்த்திவிட்டு அவரை ‘-க்கு’ உருபோடு கட்டிவைத்திருக்கிறது நம் உரைநடை.

ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பரில் ஏற்று, இந்தியா 2007 அக்டோபரில் உறுதிசெய்த உடன்படிக்கையில் ஒரு தொடர் வருகிறது. பணியிடத்திலும் பிறவிடத்திலும் ஒருவர் மற்றவரோடு சமமாக இயங்குவதற்கு வேண்டிய, தகுந்த மாற்றங்களைச் செய்து தருதல் என்பது அதன் பொருள். அவ்வுடன்படிக்கையின் அரபு வாசகத்தில் அத்தொடரைத் ‘தய்ஸீர்’ என்னும் சொல்லை வைத்து ஆக்கியிருக்கிறார்கள். தய்ஸீர் என்றால் எளிதாக்குதல். கடினத்தை அன்று, எளிமையையே இறைவன் நாடுகிறான் என்று நோன்புச் சட்டத்தினூடே திருமறை அறிவிக்கும் இடத்தில் வரும் ‘யுஸ்ர்’ என்ற சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அரபு வாசகர்க்கு அச்சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் பயணியின் தொழுகைச் சுருக்கமும் நோயாளியின் நோன்பு விலக்கும் நினைவுக்கு வரும். தமிழில் அத்தொடர்க்கு நிலைத்த ஒரு சொல் இன்னும் அமையவில்லை. நேர்ப்பொருள் நோக்கினால் ‘இடங்கொடுத்தல்’ எனலாம். அதிலும் ஓர் இடர். இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்றன்றோ நம் பழமொழி போகிறது! ஒரு சாய்தளம் கட்டினால் அடுத்து என்னென்ன கேட்பார்களோ என்று முதலாளி அஞ்சுவதற்கு வேண்டிய அச்சத்தை மொழியே ஆயத்தமாக வைத்திருக்கிறது. எளிதாக்கித் தருதல் என்று வழங்குவதே நன்றென்பது நம் கருத்து. அதில் பொருள் தெளிவு, அச்சமும் இல்லை.

நம் இலக்கிய மரபு இதில் எங்கே நிற்கிறது? இரட்டைப் புலவர்களின் கதையை அறியாத தமிழர் இலர். ஒருவர்க்குக் கண் இல்லை. மற்றவர்க்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று, ஆளுக்குப் பாதியாக வெண்பாப் பாடினர் என்பர். பள்ளிப் பாடநூல் முதல் பட்டிமன்றம் வரை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு இதுவே. நாமும் வகுப்பறையில் பலமுறை சொல்லி மாணவரை மகிழ்வித்திருக்கிறோம். ஆயின் அக்கதையைத் திறனாய்வு நோக்கிற் படிப்பவர்க்கு ஒரு வினா எழாமற் போகாது. காலுள்ளவர்களும் கண்ணுள்ளவர்களும் நிறைந்த ஊரிலே இவ்விருவரும் ஒருவரையொருவர் சுமந்துகொண்டு நடந்தபோது அந்த ஊர் என்ன செய்துகொண்டிருந்தது? பாட்டைக் கேட்டது, பரிசில் தந்தது, பார்த்து வியந்தது. ஒரு வண்டியை அனுப்பியதாகக் கதையில் இல்லை. குறையுள்ளோர் தம் குறையைத் தாமே ஈடுகட்டிக்கொள்ளும் காட்சியை அழகென்று கொண்டாடுவது நமக்குப் பழகிவிட்டது. தன்முயற்சியால் வென்றார் என்று இன்றைய நாளேடுகள் படத்தோடு போடுகின்ற கட்டுரைகளும் அந்த இரட்டையர் கதையின் வழித்தோன்றல்களே.

நம் சமுதாய மேடைகளின் நிலை வேறு விதமானது. ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பற்றி நம் பயான்களில் கேட்டிராதவர் யார்? மக்கத்துக் குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் பார்வையற்ற அந்த நபித்தோழர் வந்ததும், அதையொட்டி ‘அபஸ’ என்னும் எண்பதாவது அத்தியாயம் அருளப்பெற்றதும் உருக்கமாகச் சொல்லப்படும். அவையோர் கண் கலங்குவர். பயான் அத்துடன் முடிந்துவிடும். அவர் வாழ்க்கையோ அத்துடன் முடியவில்லை. மதீனாவில் அவர் வகித்த பதவிகள் இரண்டு. நபிகளார் (ஸல்) வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பாளராகவும் தொழுகைத் தலைவராகவும் பன்முறை நியமிக்கப்பட்டார். பதின்மூன்று முறை என்று எழுதிய வரலாற்றாசிரியரும் உளர். மற்றொன்று, அவர் பள்ளியின் மோதினார். பிலால் (ரலி) அவர்களின் பாங்கைப் பாடாத தமிழ் முஸ்லிம் கவிஞர் இலர். பிலாலின் உடனிருந்து பாங்கு சொன்ன இவரைப் பாடியவரை விரல்விட்டு எண்ண வேண்டும்.

இங்கே சற்று நின்று நோக்குவோம். இவர் சொன்ன பாங்கு எந்த நேரத்துப் பாங்கு? புகாரீ ஷரீபில் வரும் அறிவிப்பின்படி, பிலால் (ரலி) இரவு இருக்கும்போதே ஒரு பாங்கு சொல்வார். நோன்பாளிகள் அதன் பின்னும் உண்ணலாம், பருகலாம். இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். அதாவது கீழ்வானில் வெள்ளை பரவிய அந்த நொடியை ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு பார்வையற்றவரிடம் இருந்தது! ஐந்து வேளைத் தொழுகைகளிலும் கண்ணுக்கு மிகுந்த வேலையுடையது அந்த ஒரு வேளைதான். கண்ணில்லாதவர்க்கு எளிதான பணி எதுவென்று தேடி, உச்சிப்பொழுதுப் பாங்கை அவரிடம் ஒப்படைத்திருக்கலாம். அவ்வாறு செய்யப்படவில்லை. அந்த அறிவிப்பிலேயே அடுத்து ஒரு சிறு விளக்கம் சேர்ந்து வருகிறது: அவர் கண் பார்வையற்றவர், விடிந்துவிட்டது என்று தமக்குச் சொல்லப்படும் வரை அவர் பாங்கு சொல்வதில்லை.

அந்தச் சிறு விளக்கத்தில் முழுப் பணியிட அமைப்பும் அடங்கியிருக்கிறது. வேலை குறைக்கப்படவில்லை. தகுதி தளர்த்தப்படவில்லை, விடியலுக்கு முன் ஒரு நொடியும் பாங்கு ஒலிக்கலாகாது. குரலும் நம்பகமும் அவருடையவை. அவரிடம் இல்லாத ஒன்றை மட்டும், அது தேவைப்படும் கணத்தில், பக்கத்திலிருப்போர் தருகின்றனர். அதற்கான செலவு ஒரு சொல். அதைச் சொன்னவர்கள் யார் யார் என்ற பெயர்ப்பட்டியல் கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவு இயல்பாக அது நடந்திருக்கிறது.

இதனைப் பின்வந்த ஃபிக்ஹு அறிஞர்கள் எவ்வாறு சட்டமாக வடித்தனர் என்பதும் இரசிக்கத்தக்கது. ஷாஃபியீ மத்ஹபின் இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) தம் ‘முஹத்தப்’ நூலிலும், அதற்கு விரிவுரை வரைந்த இமாம் நவவீ (ரஹ்) ‘மஜ்மூஉ’விலும் இதனைப் பேசுகின்றனர். பார்வையற்றவர் தனித்து மோதினாராயிருப்பது மக்ரூஹ், நேரத்தில் தவறக்கூடும் என்பதால்; பார்வையுள்ள ஒருவர் உடனிருப்பின் அந்த வெறுப்பு நீங்கிவிடும்; இப்னு உம்மி மக்தூம் (ரலி) பிலாலோடு இருந்தார் என்பதே சான்று. ஹனஃபீ நூல்களிலும் பார்வையற்றவரின் பாங்குக்குத் தடை காணோம். ‘மக்ரூஹ்’ என்னும் தீர்ப்பு அம்மனிதர் மேல் ஒட்டப்படாமல், துணையின்மை என்னும் ஏற்பாட்டுக் குறையின் மேல் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஏற்பாட்டைச் சரிசெய்தால் தீர்ப்பும் மாறிவிடுகிறது.

நம் நூல்களில் எல்லாம் இவ்வாறே இருக்கிறது என்று சொல்லி முடித்தால் அது நடுநிலைத் திறனாய்வாகாது. காழிக்குப் பார்வை வேண்டும் என்பது ஷாஃபியீ மத்ஹபின் நிலைபெற்ற நிபந்தனை. வழக்காளியையும் சாட்சியையும் பிரித்தறிய வேண்டுமே என்பது காரணம். ஆனால் அந்த மத்ஹபுக்குள்ளிருந்தே ஒரு மறுகுரலும் எழுந்தது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபீ காலத்தில் டமாஸ்கஸின் காழியாயிருந்தவர் ஷரஃபுத்தீன் இப்னு அபீ அஸ்ரூன் (ரஹ்). முதுமையில் அவர் பார்வையிழந்தார். பார்வையற்றவர் காழியாக இருக்கலாகும் என்று நிறுவி ஒரு சிறுநூல் எழுதினார். பதவிப்பெயர் அவரிடமே இருக்க, மகன் துணையாக நின்று அலுவல் நடத்தினார். ஹிஜ்ரி 585-இல், அதாவது 1189-இல், அவர் மறைந்தார். அன்று அவர் தனித்து நின்று வாதிட்ட அதே வழக்கு 2025 மார்ச்சில் இந்திய உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. பார்வையற்றோர் நீதிபதிப் பணிக்கு வரலாகாது என்ற மத்தியப் பிரதேச விதியை நீதியரசர்கள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அமர்ந்த அமர்வு செல்லாதென அறிவித்தது. தீர்ப்பைப் பாராட்டிய நம்மவர் எவரும் இப்னு அபீ அஸ்ரூனை நினைத்ததாகக் காணோம். மத்ரஸா நூலகங்களில் அவர் பெயர் தூசியேறிக் கிடக்கிறது.

ஒரு தொழிலை மட்டும் ஒதுக்கித் தந்துவிட்டு, கடமை முடிந்ததென்று அமர்ந்துவிடுவது வேறொரு வகைப் பிழை. எகிப்தில் பார்வையற்ற சிறுவன் என்றால் அவனை ஹாஃபிழாக்கிக் குர்ஆன் ஓதும் தொழிலில் விடுவது வழக்கமாயிருந்தது. 1934-இல் எகிப்திய வானொலியைத் தம் ஓதலால் தொடங்கிவைத்த ஷேக் முஹம்மது ரிஃப்அத் அவ்வாறு வந்தவரே. அம்மரபால் உலகம் பெற்ற இன்பம் அளவற்றது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஒற்றை வழியிலேயே டாக்டர் தாஹா ஹுஸைனும் நின்றிருந்தால்? இளமையிலேயே கண்ணிழந்த அவர் 1914-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எடுத்துக்கொண்ட பொருளோ தம்மைப் போலவே பார்வையற்றவராகிய கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரீ. பிறகு பாரிஸ் சென்று இப்னு கல்தூனைப் பற்றி ஆய்ந்தார். 1950 முதல் 1952 வரை எகிப்தின் கல்வியமைச்சராக விளங்கினார். அவர் எழுதிய ‘அல்அய்யாம்’ என்னும் தன்வரலாற்றில் நம்மை மிகவும் வருத்துவது, அஸ்ஹரில் தேர்வுக்கு நின்ற சிறுவனைத் தேர்வாளர் அவன் பெயரால் அழையாமல் அவன் குறையால் அழைக்கும் இடம். நூல் முழுவதிலும் ஆசிரியர் இரக்கம் கேட்பதே இல்லை. படித்துக் காட்ட ஒரு குரலும், கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒரு துணையும் இருந்த நாள்களையும், இல்லாதுபோன நாள்களையும் கணக்கெழுதுவோன்போல் எழுதிச் செல்கிறார். தமிழில் இத்தகைய நூல் ஒன்று வரவேண்டும் என்பது நம் நெடுநாள் ஆவல். இந்நாட்டிலும் பார்வையற்றவர் என்றால் நாற்காலிக்குப் பிரம்பு பின்னல், தொலைபேசி இணைப்பகம் என்று இரண்டொரு தொழில்களோடு ஓர் எல்லை வகுத்து வைத்திருந்தோம் அல்லவா?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். முதற்சட்டம் 1995-இல் வந்தது. அது வருவதற்காக அவ்வாண்டு டிசம்பரில் தில்லித் தெருவில் சக்கர நாற்காலியோடு நின்று போராடியவர்களுள் முன்னணியில் இருந்தவர் அலிகர் நகரத்தவராகிய ஜாவேத் ஆபிதி. 2018-இல் அவர் மறையும் வரை அப்போராட்டம் ஓயவில்லை. சமுதாயத் தலைவர்களின் பட்டியலை நம் மேடைகளில் வாசிக்கும்போது இப்பெயர் வாசிக்கப்பட்டு நாம் கேட்டதில்லை. அச்சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கணக்கிற் கொண்டு, அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016-இல் இயற்றப்பெற்று 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கியது. எளிதாக்கித் தருதலை மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுத்தது. இது சிறிய மாற்றமன்று. முன்னர் படி கட்டியவன் குற்றவாளி அல்லன், ஏற முடியாதவன் குறையுள்ளவன் என்றிருந்தது. ஏறும் வழியைச் செய்து தர மறுப்பவனே தவறிழைத்தவன் என்று இப்போது சட்டம் சொல்கிறது. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறையுடைய தேர்வர் ஒருவர்க்கு எழுத்தர் துணை உண்டென்று தீர்ப்பளித்தபோது உச்சநீதிமன்றம் இக்கோட்பாட்டை விரிவாக விளக்கியது. திரு.வி.க.வின் இறுதி நூல்களைப் படித்தவர்க்கு அத்தீர்ப்பில் வியப்பேதும் இராது.

ஆயினும் சட்டத்தின் வாசகத்தைத் திறனாய்வாளன் கண்கொண்டு படித்தால் மெலிந்த இடம் எதுவென்று தெரிந்துவிடும். பணியிலிருக்கும்போது ஒருவர் உறுப்பிழந்தால் அவரை விலக்கலாகாது, பதவி தாழ்த்தலாகாது என்னும் உறுதி அரசு நிறுவனங்களுக்கே பொருந்துகிறது. தனியார்க்கு, பணியாளருள் 5 விழுக்காடேனும் மாற்றுத்திறனாளிகளாயிருக்க ஊக்கம் அளிக்கப்படும் என்ற சொல் மட்டும். கிண்டித் தொழிற்பேட்டையில் இருப்பவை பெரும்பாலும் தனியாரின் சிறு தொழிற்கூடங்கள். அங்கு அழுத்தப் பொறியில் விரலிழந்தவர்க்கு என்ன வழி? 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் விரலுக்கு விரல் விலை குறித்தது. கட்டைவிரல் போனால் உழைப்புத்திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனித்தனியே 7. இன்று அச்சட்டம் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. நம் ஃபிக்ஹிலோ ஒவ்வொரு விரலுக்கும் பத்து ஒட்டகம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் சமம் என்று நபிமொழியே தீர்த்துவிட்டது. ஒரு சட்டம் விரலை ஈட்டத்தின் கருவியாக எண்ணுகிறது. மற்றது ஆளின் உறுப்பாக எண்ணுகிறது. இரண்டும் இழந்ததற்கு ஈடு தருவன. இழந்தவன் நாளைக் காலை எந்தப் பொறியின் முன் நிற்பான் என்பதற்கு அட்டவணையில் பத்தி இல்லை.

செலவாகுமே என்பர் முதலாளிமார். சிறுதொழில் நடத்துவோரின் முடையை நாம் அறியாதவரல்லோம். மாதக் கடைசியில் கூலி கொடுக்கத் தவிப்பவரிடம் மின்தூக்கி கட்டச் சொல்வதும் முறையன்று. சட்டமும் அளவு மீறிய சுமையை ஏற்றச் சொல்லவில்லை. ஆனால் செவி கேளாத கடைசல்காரர்க்கு வேண்டுவது மணியோடு சேர்த்து ஒரு சிவப்பு விளக்கு. ஒரு காலில் நிற்க இயலாதவர்க்கு வேண்டுவது உயரமான ஒரு முக்காலி. சக்கர நாற்காலியில் வருபவர்க்கு ஒரு சாய்தளமும், நாற்காலி நுழையுமளவு அகன்ற ஒரு கழிப்பறைக் கதவும். கணக்கெழுதும் பார்வையற்றவர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்பது இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. நடுவண் அரசு 2008 ஏப்ரலில், மாற்றுத்திறனாளிகளைப் பணியமர்த்தும் தனியார் நிறுவனங்களுக்கு வைப்புநிதி, காப்பீட்டுப் பங்குத் தொகைகளை முதல் மூன்றாண்டுகளுக்குத் தானே கட்டுவதாக ஒரு திட்டம் கொணர்ந்தது. அதுவும் எதிர்பார்த்தவாறு எடுபடவில்லை. ஆகவே பணம் மட்டுமே தடையென்று நம்புவதற்கில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்து மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம். நாடு முழுவதிலும் 2 கோடியே 68 இலட்சம். அவர்களுள் வேலையிலிருந்தோர் 36 விழுக்காட்டினரே. எஞ்சியவரெல்லாம் உழைக்க இயலாதவர் என்று எவரும் சொல்லார்.

வேலைக்கு வருவதற்கு முன் வேலையிடத்துக்கு வந்துசேர வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். கிண்டியில் 2016-இல் மெட்ரோ நிலையம் திறந்தபின் மின்தூக்கி வழியே சக்கர நாற்காலி மேலேறிவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளிவந்ததும் நடைபாதையின் விளிம்பில் அது நின்றுவிடுகிறது.

தொழிற்பேட்டை முதலாளியைக் குறைகூறுவது எளிது. பள்ளிவாசலும் ஒரு பணியிடமே. இமாமும் மோதினாரும் மத்ரஸா ஆசிரியரும் அங்குப் பணியாளர். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர்; புள்ளியெழுத்துக் குர்ஆனும் செவிவழிப் பாடமுமாக முப்பது ஜுஸ்உவும் மனனம் செய்தவர். தஜ்வீதில் அவரை மிஞ்சியவரை நம் வகுப்பு கண்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாவில் மோதினார் வேலை காலியாயிருப்பதாக அறிந்து விண்ணப்பித்தார். நிர்வாகிகள் அன்பாகவே நடத்தினர், தேநீர் தந்தனர், கைச்செலவுக்கென்று ஒரு தொகையும் கொடுத்தனுப்பினர். வேலை மட்டும் கொடுக்கவில்லை. நேரம் பார்க்க முடியாதே, ஹவுளருகே வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்பன அவர்கள் சொன்ன காரணங்கள். மாணவரின் கைப்பேசி அவர் தொட்ட மாத்திரத்தில் மணியும் நிமிடமும் உரக்கச் சொல்லும். ஹவுளைச் சுற்றி ஒரு கைப்பிடிக் கம்பி அமைத்தால் அவர்க்கு மட்டுமன்றி, ஒளுச் செய்ய வரும் முதியோர் அனைவர்க்கும் பயன்படும். பின்னர் அங்கு அமர்த்தப்பட்டவர் கண் நன்கு தெரிபவர். அவரும் கீழ்வானைப் பார்த்துப் பாங்கு சொல்பவரல்லர். சுவரில் மின்னும் நேரப்பலகை எண் காட்டியதும் ஒலிபெருக்கியை முடுக்குகிறார். விடிந்தது என்று அவர்க்கும் ஒன்று சொல்லத்தான் செய்கிறது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் வாசகத்தைத் தமிழில் பெயர்த்து, பாகமும் பக்கமும் குறித்து, அந்நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதினோம். மறுமொழி இல்லை. மாணவர் இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்புகளுக்கு விடையளிக்கும் வேலையில் இருக்கிறார். ரமளானில் மட்டும் விடுப்பெடுத்துக்கொண்டு, அழைக்கும் ஊருக்குச் சென்று தராவீஹ் தொழுவிக்கிறார். நாம் கடிதத்தின் படியொன்றை எடுத்து வைத்திருக்கிறோம். வேறு மஹல்லாவினர் எவரேனும் கேட்டால் அனுப்பிவைப்போம்.